பங்காளி வீட்டுப் பாக்கு

ஓட்டுக் கேட்கப் போகிறவர்கள் நோட்டீசு கொண்டு போவார்கள், மைக் செட்டு கொண்டு போவார்கள். ஜெயமணி தாம்பாளம் கொண்டு போவாள். இந்தத் தீவில், பத்துபஸ்தி என்கிற பேட்டையில் விமானதளத்துச் சுவரைப் பார்த்தாற்போல ஏறுகிற மேட்டுத் தெருக்களில் நாற்பது வருஷமாக இதுதான் நடப்பு. தாம்பாளத்தில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு கிண்ணத்தில் கற்கண்டு. வாசலில் நின்று, "ஞாயித்துக்கெழம ஓட்டு. குடும்பத்தோட வந்துரணும்" என்பாள். சின்னம் என்ன, கட்சி என்ன என்று அவள் வாயிலிருந்து வராது. தாம்பாளம் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுச் சின்னம், அவ்வளவுதான்.

இது எப்படி வந்தது என்றால், அழகையாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அழகையா ஜெயமணியின் புருஷன். முதுகுளத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊர். அவருடைய அத்தை மகன் ஒருவர் ரோடு போடுகிற காண்டிராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தார். அவர் பிடித்துக்கொடுத்த வேலைக்குத்தான் அழகையா மெட்ராஸில் கப்பல் ஏறினார். பிறகு தம்பி நல்லதம்பியை வரவழைத்தார். அதற்குப் பிறகு ஊருக்குப் போய்த் தன் மாமன் மகள் ஜெயமணியைக் கட்டிக் கூட்டிவந்தார். கப்பலில் மூன்று நாளும் வாந்தி எடுத்தே வந்து சேர்ந்த பெண், இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இங்கெ தண்ணி எங்கெ எடுக்கணும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரை அந்த மேட்டில் நல்ல பதில் கிடையாது.

அப்போது மேட்டில் தகரமும் மரச்சட்டமுமாகக் குடிசைகள். முக்கால்வாசி ராமநாதபுரத்து ஆட்கள். கீழே கிணற்றுப் பக்கம் ராஞ்சிக்காரர்கள் சில குடும்பம். அடிவாரத்து ரோட்டோரம் ஒரே ஒரு பெரிய வீடு, லோக்கல் ஆட்களுடையது. வெள்ளைக்காரன் காலத்தில் தண்டனைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் இங்கே லோக்கல் என்பது. வார்டு மெம்பர் அந்த வீட்டுப் பெரியவர்தான். நல்ல மனுஷன், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் அவர் பேசுகிற ஹிந்தி இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுகிற தமிழ் அவருக்குப் புரியாது. தண்ணீர்க் குழாய் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

அடுத்த தேர்தலுக்கு நல்லதம்பியை நிற்கவைத்தார் அழகையா. தம்பிதான் எட்டாவது வரை படித்தவர், ஹிந்தியும் நாக்கில் புரண்டது. அண்ணனும் தம்பியுமாக வீடு வீடாகப் போனார்கள். வெள்ளைச்சாமி வீட்டு அம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"வெறுங்கையோட வந்து கூப்பிட்டா வர்றதுக்கு நாங்க என்ன கூலிக்கா வாரோம்? முறையாக் கூப்பிடுங்க, வாரோம்."

அன்றைக்குச் சாயங்காலம் ஜெயமணி தாம்பாளத்தை எடுத்தாள். கல்யாணத்துக்குப் பாக்கு வைக்கிற மாதிரியே ஒரு வீடு விடாமல் வைத்தாள். நல்லதம்பி ஜெயித்தார். குழாய் மேட்டில் பாதி தூரம் ஏறி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அவரே நின்றார், இரண்டு தடவையும் ஜெயமணிதான் பாக்கு வைத்தாள். ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் போனதில்லை. அது நல்லதம்பி வீடு. அப்போது அவர் வேட்பாளர், அவருக்கே எப்படிப் பாக்கு வைப்பது என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

பிற்பாடு நல்லதம்பி தோற்றார். உடம்புக்கு முடியவில்லை என்று ஒதுங்கினார். வேறு ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் ஜெயமணி வீட்டுக்குத்தான் முதலில் வந்தார்கள். "மதினி, தாம்பாளத்த எடுக்கணும்" என்று நல்லதம்பி சொன்னால் எடுப்பாள். அவர் சொல்லாவிட்டால் எடுக்கமாட்டாள். யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பதெல்லாம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டு முடிவு செய்கிற காரியமாக இருந்தது.

இதற்குள் மேடு மாறிக்கொண்டே வந்தது. ஸ்ரீகாகுளத்து மீன்காரர்கள் கீழ்த்தெருவில் வாடகைக்கு வந்தார்கள். வடக்குத் தீவுகளில் திக்லிபூரிலிருந்தும் ரங்கத்திலிருந்தும் வங்காளிகள் பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்க வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. சுனாமிக்குப் பிறகு கேட்கவே வேண்டாம், எந்தத் தீவு முழுகினாலும் அந்த ஆட்கள் இந்த மேட்டில்தான் ஏறினார்கள். தமிழ் ஆட்களோ ஒவ்வொரு வீடாகக் கழன்றார்கள். வெள்ளைச்சாமி மகன் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போனான். சிலர் சிப்பிகாட் பக்கம் இடம் வாங்கிப் போனார்கள். ஜெயமணியின் மகன் ரவிக்குமார் மெட்ராஸில் படிக்கப் போய், வேலை கிடைத்து அங்கேயே நின்றுகொண்டான். இருந்த இடத்தில் இருந்தவர்கள் தகரத்தைப் பிரித்து மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

ஜெயமணி தாம்பாளத்தை விடவில்லை. ஆட்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டாள். அப்பாயம்மா என்கிற தெலுங்குக்காரியின் வீட்டில், கூப்பிட வந்தவள் வீட்டுக்காரியின் காலில் மஞ்சள் பூசினால்தான் கூப்பிட்ட மாதிரி என்று தெரிந்ததும் ஒரு மஞ்சள் கிண்ணம் சேர்ந்தது. கிறிஸ்தவர்கள் வீட்டில், லூர்துநாதன் பெண்சாதி செலினைப் போன்றவர்களுக்கு, குங்குமச் சிமிழை முந்தானையால் மூடிவிட்டுக் கற்கண்டை மட்டும் நீட்டுவாள். வங்காளி வீட்டில் வெற்றிலையைச் சீவலோடு மடித்துத் தந்தால்தான் மரியாதை. ராஞ்சிக்காரர்கள் வீட்டில் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வரவேண்டும், நின்றுகொண்டே பேசினால் போலீஸ் வந்த மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் தாம்பாளம் கனமானது. ஜெயமணியின் முழங்கால் தேய்ந்தது.

அழகையா செத்தபோது இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். தாலி இறங்கியவள் குங்குமச் சிமிழைத் தூக்கலாமா? ரவிக்குமாருக்கு அப்போது பரீட்சை, கப்பலும் கிடைக்கவில்லை, விமானத்துக்கு வசதியும் இல்லை. நல்லதம்பிதான் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தார். இரண்டு வீடும் சேர்ந்து தீட்டுக் காத்தார்கள், சேர்ந்து தலை முழுகினார்கள். அடுத்த தேர்தல் வந்ததும் செலின் வந்து நின்றாள்.

"என்னக்கா, இந்த வாட்டி கூப்பிட வரலியா? கீழ்த்தெருப் பொம்பளைங்க கேக்குறாளுக."

"நான் எப்படிடி செலினு குங்குமம் குடுக்குறது?"

"நீங்க குடுக்க வேணாம். தட்ட வையுங்க. அவுங்க அவுங்க எடுத்துக்கிறாங்க. எங்களுக்கு அதுவும் வேணாம், கற்கண்டு போதும்."

அப்படியே ஆயிற்று. ஜெயமணி தாம்பாளத்தைத் திண்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். வீட்டுப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். அப்பாயம்மா தானே மஞ்சளைத் தொட்டுத் தன் காலில் பூசிக்கொண்டு, "அய்பாயிந்தி அக்கா, ஆயிருச்சு" என்று சிரிப்பாள்.

இதெல்லாம் பழசு. இனி வைஜெயந்தி கதை.

வைஜெயந்தி ஜெயமணியின் மகள். மதுரைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. நான்கு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். மேட்டுக்குத் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் வந்த காலத்தில், டேங்கர் லாரிக்காரனோடு சண்டை போட்டு முதலில் உச்சித் தெரு, பிறகு நடுத்தெரு என்று முறை வைத்தவள் அவள். சண்டை தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் ஏறி வங்காளத்தில் முடியும். அப்படி இருக்கையில் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். தெருப் பெண்களே அக்கா முறை வைத்து, "தீதி, நீ நில்லு" என்றார்கள். நின்றாள். எதிரே நின்றவள் மாலதி மண்டல், வங்காளி, டியூஷன் எடுக்கிறவள், அவளும் லேசுப்பட்டவள் அல்ல. அவளுக்கு அவள் ஜனம் இருந்தது, இப்போது அந்த ஜனம்தான் மேட்டில் அதிகம்.

மனு கொடுத்த அன்றைக்கே வைஜெயந்தி தாயிடம் சொல்லிவிட்டாள்.

"அம்மா, இதுல தோத்தா நான் மெட்ராஸுக்குப் போயிருவேன். ரவி ஒரு ஆஸ்பத்திரில சொல்லி வச்சிருக்கான். இங்கெ கிளினிக்குல குடுக்குறதுக்கு இன்னும் எத்தன காலம் ஓட்டுறது? ஜெயிச்சா ஒரு காரணம் இருக்கு, இருப்பேன்."

"போ. யாரு புடிச்சா?" என்றாள் ஜெயமணி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரவிக்குமார் போன மாதிரி இவளும் போனால் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஒன்று இருக்காது. அவளும் மெட்ராஸுக்குப் போகலாம்தான். மருமகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து கார்களை எண்ணுவதற்கு அவளால் ஆகாது. ஒரு தடவை போய் இருந்து பார்த்தவள் அவள்.

ஆகவே தாம்பாளத்தை எடுத்தாள். முட்டியில் எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள், இறங்கினாள். முன்பெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் யாருக்கு யார் என்ன முறை என்று அவளுக்குத் தெரியும். இவள் இன்னாரின் நாத்தி, அவன் இன்னாரின் சகலை என்று சங்கிலி மாதிரி கோத்து வைத்திருப்பாள். இப்போது மூன்று மாடி ஏறினால் ஆறு கதவு, ஆறு பாஷை. கதவைத் திறக்கிறவள், "கோன்?" என்று கேட்கிறாள். யார் என்று கேட்கிறவளிடம் என்ன உறவு சொல்வது? "நீச்சே வாலீ ஆன்ட்டி" என்பாள் ஜெயமணி, கீழ் வீட்டு ஆன்ட்டி. தாம்பாளத்தைப் பார்த்ததும் சில பெண்கள் பயந்துபோய் பர்ஸை எடுத்துக்கொண்டு வந்தார்கள், கோயில் வசூல் என்று. "பைசா நஹீ, ஓட்டு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. இருந்தாலும் பெரும்பாலான வீட்டில் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லா வீட்டுக்கும் போனாள். வழக்கம்போல ஒரு வீட்டுக்குப் போகவில்லை.

போகக் கூடாது என்றுதான் போகவில்லை. நல்லதம்பி பங்காளி. அந்த ஜனத்தில் பங்காளிக்குப் பாக்கு வைக்கிற வழக்கம் கிடையாது. பாக்கு என்பது வெளியாளுக்கு. சம்பந்திக்கு, மாமன் மச்சானுக்கு, ஊர்க்காரனுக்கு. பங்காளி வீட்டு விசேஷம் தன் வீட்டு விசேஷம், அவன் கூடவே தாம்பாளம் பிடித்து வரவேண்டியவன். பங்காளி வாசலில் போய்ப் பாக்கு வைத்தால், 'நீ இனிமேல் எங்களுக்கு வேற ஆள்' என்று சொன்னதாக அர்த்தம். சொத்துத் தகராறில் வெட்டிக்கொண்ட குடும்பங்கள்தான் அப்படிச் செய்யும். ஜெயமணியின் பிறந்த வீட்டுப் பெரியப்பா ஒருவருக்கு அப்படி ஒரு பாக்கு வந்து, அவர் அதைத் தின்னாமல் துப்பாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதார் என்று அவள் தாய் சொல்லியிருக்கிறாள்.

ஓட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை செலின் மூச்சு வாங்க வந்தாள்.

"அக்கா, ஒங்க கொழுந்தன் வீட்டுல ஒரே புகைச்சல். மண்டல் வீட்டம்மா சந்தேஷ் மிட்டாய் டப்பாவோட போயி ஒக்காந்து பேசிட்டு வந்துருக்கு. ஈஸ்வரன் அது பக்கம் சாஞ்சுட்டான்ங்கிறாங்க."

"சும்மா சொல்லாத. அவன் எம்புள்ள."

"நீங்கதான் சொல்லிக்கணும்."

ஈஸ்வரன் நல்லதம்பியின் மூத்த மகன். கட்டட காண்டிராக்டர். அப்பாவின் தகர வீட்டை நாலு மாடியாக்கி, மாடி முழுக்கத் தன்னிடம் வேலை பார்க்கிறவர்களைக் குடிவைத்திருந்தான். மேஸ்திரிகள், கம்பி கட்டுகிறவர்கள், பெண்சாதி பிள்ளைகளோடு. அவன் கை காட்டுகிற பக்கம் ஓட்டுப் போடுகிறவர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்த வார்டை அந்த வீடுதான் முடிவு செய்யும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கே ஜெயமணி அவனைச் சிமெண்ட் கடை வாசலில் பிடித்தாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே பேசினான்.

"பெரியம்மா, சப் கே கர் மே கயே. எல்லார் வீட்டுக்கும் போனீங்க. எங்க மாடில இருக்குற பீஹாரிக்குக்கூட வெத்தலை வச்சீங்க. படியேறி மேல போறீங்க, படியெறங்கி வர்றீங்க. கீழ எங்க கதவு இருக்கே, கண்ணுக்குத் தெரியலியா?"

"டேய், நீங்க பங்காளிடா. ஒங்களுக்கு எப்படிடா நான் பாக்கு வைப்பேன்? ஒங்கப்பனக் கேளு."

"கேட்டேன். அவரும் அதேதான் சொல்றாரு, பங்காளி கிங்காளின்னு. எனக்கு அதெல்லாம் தெரியாது. சுதா மூணு நாளா வாசலக் கழுவிக் கோலம் போட்டு வச்சுட்டு ஒக்காந்துருக்கா, பெரியம்மா வருவாங்கன்னு. மாடிக் குடித்தனக்காரி அவகிட்ட வந்து, 'எங்களுக்கு வந்துச்சு, ஒங்களுக்கு வரலியா'ன்னு கேக்குறா. எங்க மூஞ்சிய எங்க வைக்கிறது?"

சுதா அவன் பெண்சாதி. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்.

"நாமெல்லாம் ஒண்ணுதாண்டா" என்றாள் ஜெயமணி.

"ஒண்ணுன்னா மொதல்ல எங்களுக்குல்ல வரணும்?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நியாயத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அதுதான் ஜெயமணிக்குத் தாங்க முடியவில்லை. அவன் மேல் தப்புச் சொல்லவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்தால் அதற்குள் வைஜெயந்திக்குத் தகவல் வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஒரு வெத்தலைம்மா. ஒரே ஒரு வெத்தலை. அதுக்கா இவ்வளவு?"

"நீ போயிட்டு வா."

"நான் போனேன். 'அக்கா ஓட்டுக்காக வந்துருக்கா, பெரியம்மா வரல'ங்கிறான் தம்பி. நீ வந்தாத்தான் கணக்காம்."

"ஒங்க சித்தப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. டிவியப் பாத்துட்டு இருந்தாரு. டிவி ஓடவே இல்ல."

ஜெயமணி தரையில் உட்கார்ந்து முட்டித் துணியை அவிழ்த்தாள். மகள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவரோரம் ரவிக்குமார் போன தடவை வந்தபோது விட்டுப்போன பெரிய சூட்கேஸ் நின்றது. இத்தனை நாளும் அங்கேதான் நின்றது, அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் ஜெயமணி முகம் கழுவிக்கொண்டு தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கினாள். வாடின வெற்றிலையைக் கழித்துப் புதுக் கவுளி பிரித்து வைத்தாள். ஒரே வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்க யாரும் இல்லை.

நல்லதம்பி போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்புரை எடுத்த கண், கறுப்புக் கண்ணாடி. தெரு முனையில் அவள் திரும்பும்போதே பார்த்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

"என்ன மதினி, வழி தப்பி வந்துட்டீகளா?"

"வழி தெரிஞ்சுதான் வாரேன் தம்பி."

அதற்குள் உள்ளேயிருந்து சுதா ஓடிவந்தாள். "வாங்க பெரியத்தே! ஏங்க, பெரியத்தே வந்துட்டாங்க!" ஈஸ்வரன் வந்தான், இளையவன் பிரவீன்குமார் போனைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான். சுதா பாய் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து குடித்தனக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சுதா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குங்குமத்தைத் தொட்டு அழுத்தமாக வைத்துக்கொண்டாள். ஈஸ்வரன் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இதுக்குத்தான் பெரியம்மா சொன்னேன். இனிமே பாருங்க" என்றான்.

வெற்றிலையைப் பெரியவர்தான் எடுக்கவேண்டும். நல்லதம்பி எடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"யாரு வீட்டு விசேஷம் மதினி?"

"வைஜெயந்தி நிக்கிறாள்ல தம்பி."

"அது தெரியும். ஊரு பூரா நோட்டீசு ஒட்டிருக்கு. யாரு வீட்டு விசேஷம்னு கேட்டேன்."

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஏதோ கேலி பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயமணி தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தாள். 'நம்ம வீட்டு விசேஷம்' என்று சொல்லலாம். நம்ம வீடு என்றால் கையில் எதற்குத் தாம்பாளம் என்று அடுத்த கேள்வி வரும். அண்ணனும் தம்பியும் ஒரு இலையில் சாப்பிட்டது, கப்பல் வராத நாளில் இந்த மனுஷன் கொள்ளிச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது எல்லாம் அவள் கண்முன்னால் வந்து நின்றது. கூடவே அந்தச் சூட்கேஸும் வந்து நின்றது.

"எங்க வீட்டு விசேஷம்" என்றாள்.

நல்லதம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டார், சம்பந்தி வீட்டிலிருந்து வந்தால் எடுப்பது மாதிரி.

"சரி. வந்துருவோம்."

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் அந்த நாலு மாடியும் வரிசையில் நின்றது. சுதா புதுச் சேலை கட்டியிருந்தாள். நல்லதம்பியை ஈஸ்வரன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். போட்டுவிட்டு அவர் நேரே வீட்டுக்குப் போனார், பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்திருந்த ஜெயமணியின் பக்கம் வரவில்லை.

வைஜெயந்தி ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஜெயித்தாள். மாலதி மண்டல் வந்து கையைக் குலுக்கிவிட்டு, "அடுத்த தடவை நானும் தட்டு எடுத்துக்கிட்டு வரேன்" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தாள். பட்டாசு வெடித்தார்கள். அப்பாயம்மா ஆடினாள். ஜெயமணி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் பேச்சு நின்றது. சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். ஆனால் வீட்டில் பேச்சுச் சத்தம் வந்ததா என்றால், போன் சத்தம்தான் வந்தது. தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை. வைஜெயந்தி நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடுவாள். ஈஸ்வரன் வழியில் பார்த்தால், "பெரியம்மா, நமஸ்தே" என்பான், பிரியமாகத்தான். சுதா தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். முன்பு தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்புகிற வழக்கம் இல்லை, ஒரே அடுப்பில் சேர்ந்து சுடுவார்கள். நல்லதம்பி மட்டும் வரவில்லை. அவள் போனாலும், "வாங்க" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்ப்பார். அவருக்குக் கோபமா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. விருந்தாளிக்கு என்ன உண்டோ அது குறைவில்லாமல் நடந்தது.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. ஊருக்கே பெயர் மாற்றினார்கள். பிரவீன்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, பெண் ரங்கத்துப் பக்கம், வங்காளிப் பெண். ஜெயமணிக்குச் செலின் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் காலையில் வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் நல்லதம்பி. வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் சுதா. சுதா கையில் தாம்பாளம். அழகையா கட்டின அந்த வீட்டுக்குள் அவர் ஒரு நாளும் வாசலில் நின்று உத்தரவு கேட்டு வந்தவர் அல்ல. அன்றைக்கு நின்றார்.

"வாங்க தம்பி. உள்ள வாங்க. என்ன வாசல்ல நின்னுக்கிட்டு?"

உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுதா தாம்பாளத்தை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, மேலே பத்திரிகை. தமிழிலும் வங்காளத்திலும் அச்சடித்திருந்தார்கள், ஊர்ப் பெயர் புதுசாக ஸ்ரீ விஜயபுரம் என்று போட்டிருந்தது.

"எங்க வீட்டு விசேஷம் மதினி" என்றார் நல்லதம்பி.

ஜெயமணி தாம்பாளத்தைப் பார்த்தாள். சுதாவைப் பார்த்தாள். அந்தப் பெண் முகம் பூராவும் சிரிப்பாக நின்றது. "மொத பத்திரிகை ஒங்களுக்குத்தான் பெரியத்தே. நான்தான் சொன்னேன், மொதல்ல அங்கதான் போகணும்னு."

"எனக்கு எதுக்கு தம்பி பாக்கு?" என்று கேட்டாள் ஜெயமணி. மெதுவாகத்தான் கேட்டாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, குரல் கொஞ்சம் இறங்கியது. "மொழங்கால் வலியோட அங்க வந்து எதையும் இழுத்துப் போட்டுச் செய்யவேணாம். முன்வரிசையில ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க மதினி. எல்லாத்துக்கும் ஆள் விட்டுருக்கு."

ஜெயமணி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குத் தாயும் மகளுமாகப் போனார்கள். மண்டபத்தில் நுழைந்ததும் ஜெயமணியின் கால் தானாகச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே தொப்பி போட்ட கேட்டரிங் பையன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "ஆன்ட்டி, உதர்" என்று ஒருவன் நாற்காலிப் பக்கம் கை காட்டினான். மணமகன் வீட்டுப் பெண்கள் ஒரே மாதிரி அரக்குச் சேலை கட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் ஈஸ்வரன் எடுத்துக்கொடுத்ததாம். ஜெயமணி பச்சைச் சேலையில் போயிருந்தாள். முன்வரிசையில் கவுன்சிலரின் தாய் என்று இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் அப்பாயம்மா உட்கார்ந்து, எந்தச் சடங்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வங்காளிப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். ஜெயமணிக்குக் கை சும்மா இருந்தது. கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

சாப்பிட்டு முடித்து வெளியே வரும்போது வாசலில் நல்லதம்பி நின்றுகொண்டிருந்தார். போகிறவர்களுக்கெல்லாம் தேங்காயும் வெற்றிலையும் போட்ட பையைத் தன் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசை மெல்ல நகர்ந்தது. அப்பாயம்மா வாங்கினாள், செலின் வாங்கினாள். ஜெயமணியின் முறை வந்தது. பையை நீட்டினார்.

"வந்ததுல ரொம்ப சந்தோஷம் மதினி."

"வாரேன் தம்பி" என்று வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் ஏறியதுமே வைஜெயந்தியின் போன் அடித்தது. உச்சித் தெருவுக்கு டேங்கர் வரவில்லையாம். யாரிடமோ வங்காளத்தில் சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். ஜெயமணி பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, மேடு வருகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.